எந்தத் திடலில் ஆடுவது?

கோல்ப் என்ற சொல்லைக் கண்டதும், "அது துரைமார் ஆட்டமாயிற்றே, நமக்கும் அதற்கும் என்ன உறவு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், வாசக அன்பர்களே! உறவு இருக்கிறது. நாம் எண்ணுவதைவிட நெடுநாளைய உறவு அது. கோலாலம்பூரில் சிலாங்கூர் கோல்ப் கிளப்பு 1893ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது, துரைமார் சிலர் தங்கள் பங்களாவுக்குப் பக்கத்திலேயே ஒன்பது குழி கொண்ட சிறு திடல்களை அமைத்துக்கொண்டார்கள். அந்தத் திடல்களில் புல் வெட்டியவர் யார்? கான் வெட்டி நீரை வடித்தவர் யார்? லாலான் புல்லுக்குள் விழுந்த பந்தைத் தேடி எடுத்துக் கொடுத்த சிறுவர் யார்? நம் பாட்டன்மாரும் தந்தைமாரும்தாம். திடலின் ஓரத்தை நம்மவர்கள் நன்கறிவார்கள். நடுவில் நின்று மட்டை பிடித்தவர்கள்தாம் குறைவு.

இன்று அந்த நிலை மாறி வருகிறது. மா. ராமையா, பெ. குணசேகரன் போன்ற நம் மலேசிய நிபுண ஆட்டக்காரர்கள் ஆசியத் திடல்களில் பெயர் பெற்றார்கள். தோட்டத்தில் பிறந்து பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர், உடன் வேலை செய்பவர்களைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சிக் களத்துக்குப் போகிறார்கள். விடுமுறை வந்தால் குடும்பத்தோடு கடலோரத்துக்குப் புறப்படும்போது மட்டைப் பையையும் காரில் ஏற்றிக்கொள்கிறார்கள். அங்கே போனால் ஒன்றுக்கு இரண்டாகத் திடல்கள் இருக்கின்றன. எதில் ஆடுவது? விளம்பரத் தாளில் எல்லாத் திடலும் அழகாகத்தான் இருக்கும். ஒரு நாள் செலவோ, ஒரு குடும்பத்தின் பல நாள் சாமான் செலவு. ஆகவே, எங்கள் குடும்பம் சென்ற ஆண்டு இந்தக் கேள்வியை எப்படித் தீர்த்துக்கொண்டது என்பதை இங்கே எழுதுகிறேன். பிறருக்குப் பயன்படலாம்.

கேட்கப்படாத கேள்வி

என் அக்காள் மகன் ஜொகூர் பாருவில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீசியனாக இருக்கிறான். பழைய மட்டைகள் ஒரு செட்டு வாங்கி மூன்று ஆண்டுகளாக ஆடிப் பழகுகிறான். அவனுடைய தகப்பனார், அதாவது என் அத்தான், தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பிறகு செம்பனைக் குலை வெட்டி ஓய்வு பெற்றவர். 1960களில் சிறுவனாக இருந்தபோது துரைமாரின் பையைச் சுமந்தவர். பை சுமப்பவரைக் கோல்ப் ஆட்டத்தில் 'கேடி' என்பார்கள். நம் பேச்சில் கேடி என்றால் போலீஸ் பட்டியலில் இருக்கும் ஆள்! "நான் கேடி வேலைக்குப் போறேன்" என்று வீட்டில் சொல்லி, அம்மாவிடம் விளக்குமாற்றால் அடி வாங்கிய கதையை அத்தான் இன்றும் சொல்லிச் சிரிப்பார். துரைமார் போன பிறகு, பையன்கள் ரப்பர்க் கிளையைச் சீவி மட்டையாக்கி, பழைய பந்தை இருட்டும்வரை அடிப்பார்களாம்.

பள்ளி விடுமுறையில் எல்லாரும் தேசாரு கடற்கரைக்குப் போவதென்று முடிவாயிற்று. ஜொகூரின் கிழக்குக் கரையில், தென்சீனக் கடலை நோக்கியிருக்கும் ஊர் அது. 2011இல் முழுமையாகத் திறக்கப்பட்ட செனாய் - தேசாரு நெடுஞ்சாலை, 77 கிலோமீட்டரில் அங்கே கொண்டுபோய் விடுகிறது. வழியில் ஏறக்குறைய 1.7 கிலோமீட்டர் நீளமுள்ள சுங்கை ஜொகூர் பாலம். அதைத் தாண்டினாலும் இருபுறமும் நமக்குப் பழகிய செம்பனைதான். கடற்கரையில் 'எல்ஸ் கிளப்பு' என்ற பெயரில் இரண்டு திடல்கள் உள்ளன. கடலை ஒட்டியது 27 குழிகள் கொண்ட ஓஷன் திடல். உள்ளே தள்ளியிருப்பது 18 குழிகள் கொண்ட வேலி திடல். இரண்டையும் வகுத்தவர் தென்னாப்பிரிக்காவின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் எர்னி எல்ஸ். வேலி திடலில் அவரோடு சேர்ந்து பணியாற்றியவர் விஜய் சிங்.

மருமகனுக்கு வேலி திடலின்மேல்தான் ஆசை. காரணம் விஜய் சிங். அந்தக் காரணத்தை நானும் குறைவாக எண்ணவில்லை. விஜய் சிங் 1963இல் பிஜித் தீவில் லவுத்தோக்கா என்னும் கரும்பாலை ஊரில் பிறந்த இந்திய வம்சாவளியினர். பிஜிக்கு 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளாக நம் நாட்டு மக்கள் கப்பலேற்றப்பட்டார்கள். 1903 முதல் தென்னிந்தியரும் போனார்கள். நமக்கு ரப்பர், அவர்களுக்குக் கரும்பு, அவ்வளவே வேற்றுமை. விஜய் சிங் 1984இல் மலேசிய பி.ஜி.ஏ. போட்டியில் வென்றார். பிறகு சில காலம் நம் கிழக்கு மலேசியாவில் கோல்ப் பயிற்றுநராக வேலை பார்த்து வயிற்றைக் கழுவினார். 2000இல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்று, 2004இல் உலகின் முதல் நிலை ஆட்டக்காரரானார். இதை நான் என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு.

இருந்தாலும், போகிறவர் ஒருவர் மட்டும் அல்லவே! மருமகன் தகப்பனாரைப் பார்த்து, "அப்பா, நீங்களும் ஆடணும். உங்களுக்கு எந்தத் திடல் வேணும்?" என்று கேட்டான். அத்தான் பேசவில்லை. "என்னங்க, புள்ள கேக்குறான்ல, வாயத் தொறந்து சொல்லுங்களேன்" என்றார் அக்காள்.

"என்னத்தச் சொல்றது? இந்த மாதிரி என்னய யாரும் கேட்டதில்லையே. பெரட்டுக்குப் போய் நின்னா, கங்காணி நிரையச் சொல்லுவாரு. மேட்டு நிரையோ பள்ளத்து நிரையோ, சொன்ன எடத்துக்குப் போய் வெட்டுவோம். தொர கூப்புட்டா பையத் தூக்கிக்கிட்டு அவரு பின்னால போவோம். எனக்கு எது வேணும்னு நான் எதக் கண்டேன்?" என்றார் அத்தான்.

வீட்டில் சற்று நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. ஆசிரியராக இருபது ஆண்டுகளுக்குமேல் பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்டுப் பழகிய எனக்கு, அந்தப் பதில் உள்ளத்தில் தைத்தது. தேர்ந்தெடுப்பது என்பதே நம் பெரியவர்களில் பலருக்குக் கிடைக்காத ஒன்று. அதைச் சொல்லிக் கொடுப்பவரும் இல்லை. நான் ஒரு தாளை எடுத்து, "சரி அத்தான், இன்னைக்கு நீங்கதான் கங்காணி. என்னென்ன பாக்கணும்னு சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்றேன்.

அத்தான் கேட்டவை

அவர் முதலில் கேட்டது திடலின் பெயரை அன்று. "காத்து எந்தப் பக்கம் அடிக்கும்? மழ எப்ப வரும்?" என்றே கேட்டார். சரியான கேள்வி. கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. அந்த மாதங்களில் மழையும் அலையும் மிகுதி. மற்ற மாதங்களிலும் விடியற்காலையில் 'சுமத்ரா' காற்று சில நாள் மழையோடு வந்து போகும். பகலில் நிலம் சூடேறியதும் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். இது பள்ளி அறிவியல் பாடம். கடலை ஒட்டிய திடலில் முற்பகலுக்குமேல் காற்று வலுக்கும். எதிர்க்காற்றில் உயர அடித்த பந்து பாதி வழியிலேயே விழுந்துவிடும். ஆகவே, கடல் பக்கத் திடல் என்றால் காலையில் போவதே நல்லது. பிற்பகலில் கட்டணம் குறைவாக இருக்கக்கூடும். ஆனால் இடிமழைக்கு வாய்ப்பு அதிகம். இடி முழங்கிச் சங்கு ஊதினால் ஆட்டத்தை அந்த நொடியே நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. வெட்டுக்காட்டில் இருந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவதாக, "தர எப்பிடி? தண்ணி நிக்குமா?" என்று கேட்டார். கடலோரத் தரை பெரும்பாலும் மணல். தண்ணீர் விரைவில் இறங்கிவிடும். பள்ளத்தாக்கும் களிமண்ணும் உள்ள திடலில் மழைக்கு மறுநாளும் சொதசொதவென்று இருக்கும். உப்புக் காற்றைத் தாங்குவதற்காகக் கடலோரத் திடல்கள் பலவற்றில் பாஸ்பாலம் என்னும் புல்லை நடுகிறார்கள். நம் பள்ளித் திடலில் இருக்கும் மாட்டுப்புல் அகல இலை. அதில் பந்து அமுங்கிக் கிடக்கும். பாஸ்பாலம் நெருக்கமாக வளர்ந்து பந்தை மேலே தாங்கும். போவதற்கு முன் தொலைபேசியில் அழைத்து, "இந்த வாரம் தரை எப்படி இருக்கிறது? குழிப் பக்கத்துப் புல்லில் துளை போட்டு மணல் தூவியிருக்கிறீர்களா?" என்று கேட்க வேண்டும். வேருக்குக் காற்றோட்டம் கொடுக்க அவ்வப்போது அப்படிச் செய்வார்கள். அந்த நாட்களில் பந்து நேராக உருளாது. கட்டணமோ முழுதாகப் போய்விடும்.

மூன்றாவது கேள்வி மருமகனைப் பற்றியது. பயிற்சிக் களத்தில் மகன் அடிப்பதைப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "ஒம் பந்து எல்லாம் வலப் பக்கமா ஓடுதுப்பா. நல்லா அகலமான எடமாப் பாரு. இல்லேன்னா பந்து தேடுறதுலயே பொழுது போயிரும். நான் தேடுன பந்து போதும்" என்றார். மருமகனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் சொன்னது உண்மை. இதைக் கண்டுகொள்ள எண் கணக்கும் உண்டு. ஒவ்வொரு திடலுக்கும் 'ஸ்லோப்' என்று ஒரு மதிப்பு கொடுப்பார்கள். அது 55 முதல் 155 வரை இருக்கும். 113 என்பது நடுத்தரம். எண் ஏற ஏற, பழகாதவருக்குக் கடினம் ஏறுகிறது என்று பொருள். மதிப்பெண் அட்டையில் இது அச்சிட்டிருக்கும். ஆட்டக்காரரின் திறனைக் காட்டும் 'ஹேண்டிகேப்' எண் 2020 முதல் உலகம் முழுதும் ஒரே முறையில் கணக்கிடப்படுகிறது. அதன் உச்சம் 54. சில திடல்களில் அந்தச் சான்றைக் கேட்பார்கள். முன்கூட்டியே கேட்டறிவது நலம்.

இங்கே ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். ஒரே திடலிலும் ஆட்டத்தைத் தொடங்கும் இடங்கள் பல நிறக் குறிகளோடு நாலைந்து இருக்கும். கடைசிக் குறியிலிருந்து தொடங்கினால் மொத்தத் தூரம் 7,000 கஜத்தை எட்டும். முன் குறியிலிருந்தால் 5,000 கஜம் அளவில் முடிந்துவிடும். 'முன் குறி பெண்களுக்கு' என்பது பழைய பேச்சு. பந்து எவ்வளவு தூரம் போகிறதோ, அதற்கேற்ற குறியிலிருந்து ஆடுவதே அறிவு. முழங்கால் வலிக்காரரான அத்தானுக்கு முன் குறி, மருமகனுக்கு நடுக் குறி என்று எழுதிக்கொண்டேன்.

காசுக் கணக்கு

நாலாவது கேள்வி அக்காளுடையது. "காசு எவ்வளவு?" இந்தக் கேள்விக்கு வெட்கப்படவே கூடாது. திடல் கட்டணம், வண்டி வாடகை, கேடிக்குக் கூலி, காப்புறுதி, வரி, மட்டை வாடகை ஆகிய ஆறையும் தனித்தனியே கேட்டு எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும். விளம்பரத்தில் முதல் எண் மட்டுமே பெரிதாக இருக்கும். பல கடலோரத் திடல்களில் நடந்து ஆட விடமாட்டார்கள்; வண்டி கட்டாயம். 18 குழி ஆடி முடிக்க எட்டுக் கிலோமீட்டருக்குமேல் நடக்க வேண்டும் என்பதால், நம் வயதானவர்களுக்கு வண்டி நல்லதுதான். ஆடாமல் வண்டியில் உட்கார்ந்து வருபவருக்கும் சில இடங்களில் கட்டணம் உண்டு. வார இறுதியில் விலை கூடுதல். தேசாருவுக்குச் சிங்கப்பூரிலிருந்தும் ஆள் வருவதால் கூட்டமும் கூடுதல். வார நாளில் போனால் பணமும் மிச்சம், பின்னால் வருபவர் அவசரப்படுத்துவதும் குறைவு.

அக்காள் கூட்டுத்தொகையைப் பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்கு ஒரு மாசச் சாமான் வாங்கிருவேன்" என்றார். நானும் அதை மறுக்கவில்லை. கடன் வாங்கி ஆடுவதற்கு இது மருந்துச் செலவன்று. மருமகன் தன் போனசிலிருந்து பிள்ளையின் பள்ளிச் செலவை முதலில் எடுத்து வைத்தான். மீதியில் இது அடங்குகிறதா என்று பார்த்தோம். இரண்டு திடலிலும் ஆட அடங்கவில்லை, ஒன்றுக்கு அடங்கியது. ஆகவே, தேர்ந்தெடுப்பது இன்னும் முக்கியமாயிற்று.

கடைசிக் கேள்வி, ஆடாதவர்களைப் பற்றியது. நாலைந்து மணி நேரம் இருவர் திடலில் இருக்கும்போது மற்றவர்கள் என்ன செய்வது? பிள்ளைகளுக்குக் கடற்கரையும் நீர் விளையாட்டுப் பூங்காவும் உண்டு. பக்கத்துத் தஞ்சோங் பாலாவில் மீனவர் வாழ்க்கையைக் காட்டும் அருங்காட்சியகம் உண்டு. யார் யாரைக் கவனிப்பது என்று முன்பே பிரித்துக்கொண்டால் மனத்தாங்கல் வராது.

தாள் நிரம்பியதும் அத்தானிடம் நீட்டினேன். "இப்பச் சொல்லுங்க."

அவர் தாளைப் பார்க்கவே இல்லை. "வாழ்நாள் பூரா மரத்துக்குள்ளயே நடந்தாச்சு. கடல் பக்கமாப் போவோமே" என்றார்.

மருமகன் என்னைப் பார்த்தான். நான், "மாப்ள, விஜய் சிங் எங்கயும் போயிட மாட்டாரு. அடுத்த போனசுக்கு அவரு திடலப் பாத்துக்கலாம்" என்றேன். ஓஷன் திடலையே பதிவு செய்தோம்.

திடலில் கண்டது

ஒரு புதன்கிழமைக் காலை. அத்தானுக்குக் காலர் வைத்த சட்டை. அக்காள் முதல் நாள் இரவே இஸ்திரி போட்டு வைத்திருந்தார். பின்னால் வருபவருக்கு இடைஞ்சல் ஆகாதபடி, ஒரு குழிக்குப் பத்து அடிக்குமேல் போனால் பந்தைக் கையில் எடுத்துவிடுவது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். புதிதாக ஆடுகிறவர்கள் எல்லாரும் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்கலாம். நான் வண்டியில் துணைக்குப் போனேன்.

அத்தான் அடித்த பந்து தூரம் போகவில்லை. ஆனால் நேராகப் போனது. மணற்குழியில் விழுந்த பந்தை எடுக்க அவருக்கு நாலு அடி ஆயிற்று. அடித்து முடித்ததும், மணல்வாரியை எடுத்துத் தம் காலடித் தடங்களை ஓரம் முதல் ஓரம் வரை சமப்படுத்தினார். குழிப் பக்கத்துப் புல்லில் பந்து விழுந்து பதிந்த வடுவைக் குனிந்து நிரவினார். "விடுங்கப்பா, வேலக்காரங்க பாத்துப்பாங்க" என்றான் மருமகன்.

அத்தான் நிமிர்ந்து பார்த்து, "இது வேலக்காரன் வேலன்னு ஒனக்கு யாருப்பா சொன்னது? ஆடுறவன் செய்ய வேண்டியது. அந்தக் காலத்துல தொரைங்க செய்யாம எங்கள விட்டுச் செஞ்சாங்க. அவ்வளவுதான்" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. தான் கலைத்த மணலைத் தானே சமப்படுத்துவதும், தன் பந்து உண்டாக்கிய வடுவைத் தானே ஆற்றுவதும் கோல்ப் ஆட்டத்தில் ஒவ்வோர் ஆட்டக்காரரின் கடமை. அறுபது ஆண்டுகளுக்கு முன் ஏவலாகச் செய்ததையே அத்தான் அன்று தம் கடமையாகச் செய்தார். மருமகனும் பேசாமல் போய் இன்னொரு வடுவை நிரவினான். எத்தனை அடியில் முடித்தார்கள் என்று இருவரும் கூட்டிப் பார்க்கவில்லை. கடல் தெரிந்த இடத்தில் அத்தான் வண்டியை நிறுத்தச் சொல்லிச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "புல்ல நல்லாத்தான் வெட்டியிருக்கானுங்க" என்று மட்டும் சொன்னார்.

நம் பிள்ளைகளுக்கு

18 குழித் திடல் ஒன்றுக்கு ஏறக்குறைய 150 ஏக்கர் நிலம் வேண்டும். இந்நாட்டில் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்கள் சில கோல்ப் திடல்களாக மாறியிருக்கின்றன. 1986இல் திறக்கப்பட்ட சிலாங்கூரின் சௌஜானா திடலும் முன்னாளில் செம்பனைத் தோட்டம்தான். தோட்டங்கள் இப்படிப் பல வகையில் உருமாறியபோது, லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் துயரம் நமக்குத் தெரியும். அதை மறந்துவிட்டுப் புல்லின் அழகை மட்டும் பாடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த நிலத்தின் மேடு பள்ளம், காற்று, மழை, மண் ஆகியவற்றைக் காலால் அறிந்தவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் உணர வேண்டும் என்றே சொல்கிறேன். விளம்பரத் தாளைப் படிப்பதற்கு முன் அவர்களைக் கேளுங்கள்.

கடலோரத்துக்குப் போகும் அன்பர்கள் யாராயினும், திடலின் பெயரைக் கடைசியில் பாருங்கள். யார் யார் வருகிறார்கள், அவர்கள் கால் எவ்வளவு தாங்கும், பந்து எவ்வளவு போகும், எந்த மாதம், எந்த நேரம், காற்று எப்படி, தரை எப்படி, கையில் உள்ள மிச்சப் பணம் எவ்வளவு என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவரிடம், "உங்களுக்கு எது வேண்டும்?" என்று கேளுங்கள். உடனே பதில் வராவிட்டால் பொறுத்திருங்கள். கேட்கப்பட்டுப் பழகாதவர்களுக்குச் சற்று நேரமாகும்.